கொட்டியாரக் கரையில் வீடும் வளவும்

பெண் பிறந்த வீட்டில் பெற்றோர் முதலில் நினைப்பது நகையை அன்று, வீட்டை. கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, நெடுங்காலமாக நின்று வரும் வழக்கம் இது. மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவான். அவ்வீடு பெண்ணுக்கென எழுதப்படும். பெற்றோரும் இளைய பிள்ளைகளும் அதே வளவின் ஒரு மூலையில் வேறொரு சிறு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவர். ஆதலின், மூதூரில் ஒருவர் வீடு தேடுகிறார் என்றால், அவர் தமக்காகத் தேடுகிறார் என்று கொள்வதற்கில்லை. தம் காலத்துக்குப் பின்பும் மகள் உரிமையோடு வாழத்தக்க ஓர் இடத்தைத் தேடுகிறார். விலையைக் காட்டிலும் உரிமையைப் பற்றிய அச்சமே அவருக்குப் பெரிது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் இருக்கிறது, வடகரையில் திருகோணமலை. மூதூர்க் கடற்கரையில் நின்றால் எதிர்க்கரையின் விளக்குகள் தெரியும். 1957 அக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது முதல், இத்துறைமுகத்தைச் சூழ்ந்து பெருங் கைத்தொழில் நகரம் ஒன்று எழும் என்ற பேச்சு எழுந்தும் தணிந்தும் வந்திருக்கிறது. மாவு ஆலை வந்தது. சீமெந்து ஆலை வந்தது. சீனக்குடாவில் இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இன் எதிர்காலம் குறித்து, 2022 சனவரியில் இலங்கையும் இந்திய நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. இவ்வளவு இருந்தும் திருகோணமலையைப் பெருங் கைத்தொழில் நகரம் என்று இன்னும் சொல்ல இயலாது. ஆயினும் காணி விலையை உயர்த்துவதற்கு ஆலை வரவேண்டியதில்லை. ஆலை வரும் என்ற பேச்சே போதும்.

நகரப் பக்கத்தில் வீடு வாங்க விரும்புவோர் முன் உள்ள இடங்கள் பல, குணங்களும் பல. உவர்மலை மேட்டுநிலம், அலுவலகங்களும் பாடசாலைகளும் அண்மையில் உள்ளன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயண விடுதிகள் பெருகியமையால், கடற்கரை மணலுக்கு முன்னில்லாத மதிப்பு ஏற்பட்டுவிட்டது. பாலையூற்று, சீனக்குடாப் பகுதிகள் வேலைத்தலங்களுக்கு அருகில் இருப்பதால் உழைப்போர்க்கு வசதியானவை. இவற்றிடையே படையினர் வசமும் துறைமுகத்தின் வசமும் உள்ள நிலம் கொஞ்சமன்று. எஞ்சிய சிறு பரப்பில் மக்கள் நெருங்கவே, நகரத்தில் காணி பேர்ச்சஸ் கணக்கிலே பேசப்படுகிறது. 160 பேர்ச்சஸ் கொண்டது ஓர் ஏக்கர். ஏக்கர் கணக்கில் வயல் பார்த்துப் பழகிய மூதூரார், பத்துப் பேர்ச்சஸ் காணிக்குக் கேட்கும் விலையைச் செவியுற்றுத் திகைப்பதில் வியப்பில்லை.

முன்னாளில் இத்திகைப்பை விழுங்கிக்கொண்டு நகரத்தில் குடியேறியோர் உண்டு, பாதை அவ்வாறிருந்தது. தரைவழியே திருகோணமலைக்குச் செல்வதாயின் கிண்ணியாவிலும் அதற்கு இப்பால் உள்ள நீர்த்துறைகளிலும் பாதைப்படகுக்குக் காத்துக் கிடக்கவேண்டும். இன்றேல் குடாவைக் குறுக்கறுத்து மோட்டார் வள்ளத்தில் செல்லவேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் நம்பத்தக்கதன்று. 2009 அக்டோபரில், 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. காலையில் பேருந்தேறி வேலைக்குச் சென்று மாலையில் ஊர் திரும்புதல் இயல்பாயிற்று. எதிர்க்கரையின் ஆலைகள் எல்லாம் சேர்ந்து செய்யாத உபகாரத்தை இப்பாலங்கள் மூதூருக்குச் செய்தன எனலாம். நகரத்தில் உழைத்து ஊரில் வாழலாம் என்ற நிலை வந்ததும், பலருடைய பார்வை தோப்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் பக்கம் திரும்பியது.

அங்கேதான் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. “காணி நல்ல காணிதான், தம்பி, பத்திரத்தில்தான் சின்ன இழுபறி” என்று தரகர் சொல்வார். அந்தச் சின்ன இழுபறியே பெரும்பாலும் முழுக் கதையாகும். இப்பகுதியில் நிலம் இருவகைப்பட்டது. ஒன்று உறுதிக்காணி. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு ஒருவர் முன்பும் சாட்சிகள் இருவர் முன்பும் கையொப்பமிட்டாலன்றி நிலவிற்பனை செல்லாது என்கிறது. மற்றது அரசு அனுமதிப்பத்திரம் வழங்கிய காணி. மக்கள் நாவில் ‘பேமிற் காணி’. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட இக்காணியில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். அதிகாரிகளின் அனுமதியின்றி விற்க மட்டும் இயலாது.

ஆயினும் அது விற்கப்படுகிறது. வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சாட்சியாக வைத்துப் பணம் கைமாறுகிறது. விற்றவர் உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும்வரை தொல்லையில்லை. அவர் மறைந்து, பின்னுரித்தாளராகக் குறிக்கப்பட்ட பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போதுதான், வாங்கியது காணியன்று, வெறுந் தாள் என்பது விளங்குகிறது. அதற்குள் அங்கே வீடு எழுந்திருக்கும். மகளும் அதில் குடியிருப்பாள். மலிவாகக் கிடைக்கிறது என்று பேமிற் காணிக்கு முன்பணம் கொடுப்போர், அம்மலிவின் காரணத்தை ஒருமுறையேனும் பிரதேச செயலகத்தில் விசாரித்திருந்தால் எத்தனையோ கண்ணீர் தவிர்ந்திருக்கும்.

உறுதி கையில் இருந்தும் நிலம் கையில் இல்லாமற்போன கதையும் இவ்வட்டாரத்தில் உண்டு. மூதூருக்குக் கிழக்கே உள்ளது சம்பூர். 2006 இல் போர் மூண்டபோது அங்குள்ள மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து ஏனையோர் ஊர் திரும்பிய பின்னும் சம்பூரார் கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரக் கொட்டில்களில் காத்திருந்தனர். 2012 இல் 818 ஏக்கர் நிலம் பாரிய கைத்தொழிலுக்கான சிறப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அயலிலேயே 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் ஒன்றை இந்திய நிறுவனத்துடன் சேர்ந்து அமைக்கும் திட்டமும் இருந்தது. வேறிடங்களில் வீடு வாங்குவோர் ஆலைக்கு அருகில் வீடு கிடைக்குமா என்று பார்ப்பர். சம்பூராரிடமோ, வீடிருந்த இடத்தையே ஆலை கேட்டது.

அவர்கள் விடவில்லை. மனு எழுதினர், நீதிமன்றம் சென்றனர், தெருவில் அமர்ந்தனர். 2015 மே மாதத்தில் அவ்வறிவித்தல் நீக்கப்பட்டது. 2016 இல், கடற்படை முகாம் இருந்த நிலத்திலும் மக்கள் மீளக் குடியேறினர். நிலக்கரித் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. பத்தாண்டு காடேறிய நிலத்தில் வீடில்லை, வேலியில்லை. தூர்ந்த கிணறும் தப்பி நின்ற பனையுமே எல்லை காட்டின. அந்நாளில், பழைய உறுதியையோ நில அளவைப் படத்தையோ ஓலைப்பெட்டியில் வைத்துக் காத்தவரின் பேச்சுக்கும் வெறுங்கையரின் பேச்சுக்கும் இருந்த வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. பத்து ஆண்டு பிறர் வசத்திலிருந்த நிலத்துக்கு ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டம். போரால் இடம்பெயர்ந்தோர் இதனால் நிலமிழத்தல் தகாது என்று 2016 இல் சிறப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது வந்தது நன்று, பிந்தி வந்தது என்பதும் உண்மை. சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. நிலத்தைப் பற்றிய பேச்சு அங்கே ஓய்ந்துவிடவில்லை.

பத்திரம் தூய்மையாயினும் நீரைப் பார்க்காமல் வாங்குதல் கூடாது. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து இக்குடாவிலே கலக்கிறது. மாரியில் அது தாழ்நிலத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்ளும். கடலும் அவ்வாறே. 2004 திசம்பர் 26 இன் பின், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே அவ்விதி தளர்ந்தது. விதி தளர்ந்ததென்று அலையும் தளர்ந்துவிடாது என்பதை மூதூர்க் கரையோரத்தார் அறிவர்.

எனவே விவரமறிந்தவர் இருமுறை வளவைப் பார்க்கிறார். மாரியில் ஒருமுறை, வெள்ளம் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று காண. ஆடி, ஆவணியில் மறுமுறை, கிணற்றுக்காக. கார்த்திகையில் எந்தக் கிணறும் இனிக்கும். மழையற்ற மாதத்தில், மணலடியிலுள்ள நன்னீர் வற்றி உவர் ஏறும்போதுதான் அதன் உண்மைச் சுவை தெரியும். இடையில் ஒருநாள் அவர் திருகோணமலைக்குப் பேருந்தேறி, காணிப் பதிவகத்தில் பழைய ஏடுகளைத் தேடுவித்து, அக்காணி யார் யார் கைமாறி வந்ததென்று பார்த்துவருவார். ஆடியில் கிணற்றடிக்கு அவரோடு அவர் மனைவியும் வருவாள். பத்திரத்தை அவர் வாசிக்க, வாளியில் நீரள்ளி வாயில் விட்டுப் பார்ப்பவள் அவளே. அவள் முகம் சுளித்தால், உறுதி எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.