தோலுச் சத்தம் எங்க இருக்கு?

(மணப்பாட்டில் நடந்த மாணவர் – இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காத்து பலமா இருக்கு. பின்னால் இருப்பவர்களுக்கு என்னைவிடக் கடல்தான் அதிகம் கேட்கும். பரவாயில்லை, நானும் சத்தத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். 1542ல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார் என்று படிக்கிறோம். ஒரு சத்தம் சனங்களை என்ன செய்யும் என்று இந்தக் கரைக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நான் கரைக்காரன் இல்லை. தேரிக்காட்டுப் பக்கத்துச் சேரி. பகலில் வங்கியில் குமாஸ்தா. ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். எங்கப்பா தப்படிக்கிறவர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அரசியல் பேசும் இசைக்குழு ஒன்று சில காலம் கழித்துப் புதுத் தொகுப்போடு திரும்பி வரும்போது விமர்சகர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. முதலில் வெள்ளைக்காரன் ஊரிலிருந்து ஒரு கதை. பிறகு நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கிலாந்தில் சம்பவாம்பா என்று ஒரு குழு. 1982ல் தொடங்கினார்கள். அனார்க்கோ-பங்க் வகை. அதாவது அரசும் முதலாளியும் வேண்டாம் என்கிற அராஜகவாத அரசியலை இரைச்சலான கிதாரில் பாடுகிறவர்கள். லீட்ஸ் நகரத்தில் ஒரே வீட்டில் கூட்டாக வாழ்ந்தவர்கள். 1989ல் இ.எம்.ஐ. என்கிற பெரிய இசைக் கம்பெனியைத் திட்டி ஒரு தொகுப்பு வந்தது. அதில் இவர்களும் இருந்தார்கள். 1997ல் அதே இ.எம்.ஐ.யில் கையெழுத்துப் போட்டு ‘டப்தம்பர்’ என்ற தொகுப்போடு வந்தார்கள். அதிலிருந்த ஒரு பாட்டு இங்கிலாந்தில் இரண்டாவது இடம் வரைக்கும் போனது. அமெரிக்காவிலும் ஓடியது.

கூட இருந்த தோழர்கள் கொதித்துப் போனார்கள். இவர்களைத் திட்டுவதற்கென்றே மற்ற பங்க் குழுக்கள் சேர்ந்து 1998ல் ஒரு இசைத்தட்டே போட்டார்கள். விலைபோய்விட்டார்கள் என்றது ஒரு பக்கம். இந்த ஆட்டம் போடுகிற பாட்டில் அரசியல் எங்கே என்றது இன்னொரு பக்கம்.

அதே 1998 பிப்ரவரியில் லண்டனில் பிரிட் விருது விழா. துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். லிவர்பூல் துறைமுகத்தில் 1995ல் வேலைநீக்கம் செய்யப்பட்ட சுமார் 500 தொழிலாளிகள் இரண்டு வருசத்துக்கு மேல் போராடித் தோற்றுப்போயிருந்த நேரம். தொழிற்கட்சி அரசு அவர்களைக் கைகழுவிவிட்டது என்று சொல்லி, சம்பவாம்பா ஆள் ஒருத்தர் ஐஸ் தண்ணியைத் தூக்கி அந்த அமைச்சர் மேல் ஊற்றினார். தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புரியும். அந்த விழாவுக்குள் அவர்களைக் கூட்டிப்போனது அந்தப் பிரபலம்தான். பின்னால் 2002ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தை அதே மாதிரிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த விமர்சனத்தில் இரண்டே கேள்விதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இன்னும் கோபமாக இருக்கிறார்களா? காசு வாங்கினார்களா? அந்தத் தொகுப்பில் எக்காளம் எப்படி ஒலித்தது, குரல்கள் எப்படிச் சேர்ந்தன என்பதெல்லாம் சண்டை போட்டவர்களுக்குப் பெரிய விசயமாக இல்லை.

இந்த இரண்டு கேள்வியையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் பாட்டுக்காரர்கள் மேல் வைக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

காசை எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம் என்று மறுப்பது அந்த ஊர் இளைஞர்களுக்குக் கலகம். எங்கப்பாவுக்கு அப்படி இல்லை. ஆதிக்க சாதிக்காரன் வீட்டுச் சாவுக்கு இரண்டு நாள் அடித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர் அவர். கூலி கேட்ட அன்றைக்குத்தான் அவருக்குக் கலகம் தொடங்கியது. ‘இவ்வளவு கொடுத்தாத்தான் அடிப்பேன்’ என்றதற்கு அவர் பட்டது எனக்குத் தெரியும். பல ஊர்களில் நம் ஆட்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் இதே அரசியல்தான். சும்மா அடி என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டவன் விலை சொல்வதை விலைபோவது என்று எப்படிச் சொல்வீர்கள்? சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறான், அதனால் முடிந்தது அவன் கதை என்று நம் தோழர்களே பேசுகிறார்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது கோபம். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பத்தொன்பது பேர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். சாதியற்றவர்கள் என்று பதிவு செய்யச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பெயர். அந்த வருசமே ‘மகிழ்ச்சி’ தொகுப்பும் வந்தது.

நான் அதைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் நாலு பக்கம் எழுதினேன். ‘எரிமலை’, ‘பெருங்கோபம்’, ‘விளிம்பின் வெடிப்பு’ எல்லாம் அதில் உண்டு. எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டார். ‘எய்யா, எல்லாம் சரி. அடி எப்படி இருந்துச்சுன்னு எழுதலையே’ன்னார்.

நாலு பக்கத்தில் ஒரு வாத்தியத்தின் பெயர் இல்லை.

போனில் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். காதுப்பக்கம் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். ‘பாடுத பய நல்லா பாடுதான். வார்த்தை ஒவ்வொண்ணும் அடிக்குச்சி மாதிரி விழுது. ஆனா பெட்டிச் சத்தந்தான் மேல நிக்கு. தோலுச் சத்தம் எங்க இருக்கு?’ என்று கேட்டார். சட்டியைத் தீயில் காய்ச்சி அடித்தால் அது தனியா நின்னு பேசும், இதில் அது கிதாருக்குத் துணைக்கு நிக்குது என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அதுதான் விமர்சனம். அந்தக் குழுவைப் பற்றி அத்தனை மரியாதையான வார்த்தையை நான் எங்கேயும் படிக்கவில்லை. தன் தொழில்காரர்களாக மதித்து, இது நல்லா இருக்கு, இது குறை என்று சொன்னார். நான் செய்தது வேற. மேல்சாதி ரசிகன் ‘ரா எனர்ஜி’ என்கிறான். நான் ‘எரிமலை’ என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே உடம்பைத்தான் பார்த்தோம். வித்தையைப் பார்க்கவில்லை. மிருதங்கக்காரருக்கு விரல் நுணுக்கம் உண்டு, பறைக்காரனுக்கு வேகம் மட்டும் உண்டு என்று சாதி சொன்ன பொய்யை நான் முற்போக்குத் தமிழில் எழுதியிருந்தேன். கே.ஏ.குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். நான் படித்த வரைக்கும் அவர் பாட்டின் அரசியலைப் பற்றி நிறைய இருக்கிறது. அவர் குரலைப் பற்றிக் கொஞ்சந்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன், அதுதான் என் தொழில். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அரக்கோணத்து அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாவின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. உலகமே ஆடியது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அவருக்கென்று ஒரு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. அவர் தன் பங்கைச் சொன்னார், இசையமைத்த சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தைச் சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

எங்கள் கவுண்டரில் பணம் போட வருகிறவரிடம் முதலில் கேட்பது, ‘யார் பேருக்கு?’ பெயர் தப்பினால் பணம் யாருக்கோ போய்விடும். ஒரு பாட்டைப் பற்றிய விமர்சனத்திலும் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். எழுதியது யார், மெட்டு யார், அடித்தது யார், உரிமை யார் கையில். இதையெல்லாம் கேட்காமல் ‘ஆன்மாவைத் தொட்டது’ என்று எழுதுவது வவுச்சர் இல்லாமல் வரவு வைப்பது போலத்தான்.

அறிவு 2024ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று தன் தொகுப்போடு வந்தார். தலைப்பைப் பாருங்கள். யார் பேருக்கு என்ற கேள்விக்குத் தலைப்பிலேயே பதில் இருக்கிறது. ஆனால் என் நண்பர்கள் அதைப் பற்றி என்னிடம் கேட்டது, ‘யாரைத் திட்டியிருக்கிறான்?’ என்பதுதான். பாட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தன் வந்தால், இவர்கள் அவனிடம் சண்டையைத் தேடுகிறார்கள். சந்தோசமாகவோ, காதலோடோ, அசதியோடோ நாம் திரும்பி வரக் கூடாதா? கோபத்தை மட்டுமே நம் அடையாளமாக எழுதிவைத்தது யார்?

பெண் பாடினால் இன்னும் மோசம். இசைவாணி 2018ல் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டைத் தோண்டி எடுத்து 2024 நவம்பரில் அவரை மிரட்டினார்கள், வசை பாடினார்கள், கைது செய்யச் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். ஆறு வருசத்துக்கு முந்தைய பாட்டு. பாடியது ஒரு குழு. மிரட்டல் வந்தது அந்தப் பெண்ணுக்கு. எதிரி விமர்சனம் இப்படி வரும்போது நாம் கூட நிற்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கூட நிற்கிறோம் என்பதாலேயே பாட்டைப் பற்றிப் பேசாமல் மாலை மட்டும் போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. குறை சொன்னால் எதிரிக்குச் சாதகம் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் இருபது வயசுப் பாட்டுக்காரன் வளரவே மாட்டான். நம் வீட்டுக்குள் வைத்தாவது ‘தோலுச் சத்தம் எங்க?’ என்று கேட்க ஆள் வேண்டும்.

முடிக்கிறேன். நேரமாச்சு, திருச்செந்தூர் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்து எந்தக் குழு எந்தத் தொகுப்போடு வந்தாலும் பத்து வரி எழுதுங்கள். அதில் ஒரு வரி வாத்தியத்தைப் பற்றி இருக்கட்டும். வாசித்தவர் பெயரும் இருக்கட்டும். கூலி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி கேளுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் ஊரில் தப்படிக்கிற பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்வதை அவர் பெயர் போட்டே எழுதுங்கள்.

எங்கப்பாவுக்கு இப்போது தோள்பட்டை வலி, அடிக்கிறதில்லை. 2018ல் நான் எழுதிய அந்த நாலு பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஜெய் பீம்.