பெயர் நம்முடையது, பதிவு யாருடையது?

(சிறுதொழில் செய்யும் இளையோருக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கலைத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் அகப்பக்கத்திற்கு முகவரிப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. டொமேன் என்று சொல்கிறோமே, அதுதான். நான் கணினிப் பொறியாளர் அல்ல. தகவல் ஊடகத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கேமராவுக்கு முன் நின்று பேசிப் பிழைப்பவள். ஆனாலும் ஒரு பெயரைப் பறிகொடுத்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்காவும் நானும் 2014-இல் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் சிறுதொழிலைத் தொடங்கினோம். அக்கா கையால் வரைவார். நான் வாசகம் எழுதுவேன், வாடிக்கையாளரோடு பேசுவேன். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். தெரிந்த தம்பி ஒருவர் குறைந்த விலைக்கு அகப்பக்கம் செய்து கொடுத்தார். அந்த முகவரியை ஒவ்வோர் அழைப்பிதழின் பின்புறத்திலும் சிறிய எழுத்தில் அச்சிட்டோம். அதைவிட நல்ல விளம்பரம் எங்களுக்கு ஏது?

2018-இல் ஒருநாள் மணப்பெண்ணின் தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, பொண்ணு கார்டுக்குப் பின்னால உங்க அட்ரெஸ் போட்டிருக்கீங்களே, சம்பந்தி வீட்டுப் பையன் அதைத் தட்டிப் பார்த்தா சூதாட்டப் பக்கம் வருதாம். என்னம்மா இது?" என்று கேட்டார். நான் தட்டிப் பார்த்தேன். உண்மைதான். அக்கா வரைந்த மயில்களும் மாவிலைத் தோரணங்களும் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது.

அழைப்பிதழ் என்பது படித்துவிட்டுத் தூக்கிப் போடும் காகிதம் அல்ல. திருமண ஆல்பத்தோடு பத்திரப்படுத்தும் பொருள். நான்கு ஆண்டுகளில் எத்தனை வீடுகளுக்கு எங்கள் முகவரி போயிருக்கும் என்று அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு எங்களால் சொல்ல முடிந்தது மன்னிப்பு மட்டும்தான்.

நடந்தது இதுதான். பெயரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள், பணம் கொடுத்ததும் நாங்கள். பதிவோ அந்தத் தம்பியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார், பழைய மின்னஞ்சலைத் திறப்பதையும் விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. தவணை முடிந்தது, பெயர் போனது.

காதால் தேர்ந்தெடுங்கள்

பெயரைக் காப்பது பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுவோம்.

நம்மில் பலர் பெயரைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம். எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால், பெயர் ஊருக்குள் பரவுவது வாய்வழியாகத்தான். ஓர் அறிவிப்பாளர் என்ற முறையில் சொல்கிறேன், தொலைக்காட்சியில் ஒரு முகவரியைச் சொல்ல எனக்குக் கிடைப்பவை சில விநாடிகளே. "நடுவில் சிறு கோடு, பிறகு எண் இரண்டு, எழுத்தில் அல்ல, எண்ணில்" என்று நான் விளக்கி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஆகவே கோடும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். தொலைபேசியில் ஒருமுறை சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் திரும்பக் கேட்காமல் சரியாக எழுதிக்கொண்டால் அது நல்ல பெயர்.

இன்று உலகம் அறிந்த அமேசான் நிறுவனத்துக்கு 1994-இல் வைத்த முதல் பெயர் கடாப்ரா. மந்திரவாதிகள் சொல்லும் 'அப்ராகடாப்ரா'விலிருந்து எடுத்தது. தொலைபேசியில் அதைக் கேட்ட வழக்கறிஞரின் காதில் அது 'கடாவர்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று பொருள். பெயரை மாற்றிவிட்டார்கள். நல்லவேளை!

புகைப்படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளம் 2004-இல் தொடங்கியபோது, சரியான எழுத்துக்கூட்டலில் அந்த முகவரி ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தது. ஆகவே ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பதிந்தார்கள். அவர்கள் பெரிதாக வளர்ந்ததால் அது எடுபட்டது. 2003-இல் வந்த டெலிஷியஸ் தளம் ஒரே சொல்லை நடுநடுவே புள்ளி வைத்துப் பிரித்து முகவரியாக்கியது. புள்ளி எங்கே வரும் என்று பயனீட்டாளர்கள் தடுமாறினார்கள். 2008-இல் அவர்களே புள்ளிகளைத் தூக்கிவிட்டு நேரான பெயருக்கு மாறினார்கள். புதுமை செய்கிறோம் என்று நம் வாடிக்கையாளருக்குப் புதிர் போடக்கூடாது.

ழகரம் தரும் சிக்கல்

நமக்குத் தமிழ்ப் பெயர் வைக்க ஆசை. வைக்கத்தான் வேண்டும். ஆனால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். நம் பாட்டிமார்களின் அடையாளக் கார்டுகளைப் பாருங்கள். ஒருவர் லட்சுமி, ஒருவர் லெட்சுமி, இன்னொருவர் லக்ஷ்மி. பதிவு செய்த குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. இணையத்தில் உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட ஒரு குமாஸ்தாதான்.

'எழில்' அழகான சொல். அதில் வரும் ழகரத்தை ஒருவர் இசட், எச் என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவார். இன்னொருவர் எல் என்று ஓர் எழுத்தோடு முடிப்பார். தகரத்துக்கும் இதே கதிதான். டி மட்டுமா, டி-யோடு எச்சும் உண்டா? நெடில் வந்தால் ஏ ஒன்றா, இரண்டா? இப்படி ஒரே பெயரில் மூன்று இடங்களில் குழப்பம் வந்தால், தவறாகத் தட்டுகிறவர்கள் உங்கள் கடைக்கு வராமல் வேறு வாசலில் போய் நிற்பார்கள்.

மலர், கலை, மணி போன்ற சொற்களைப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே விதமாகத்தான் எழுதுவார்கள். இத்தகைய சொற்களைத் தேடிப் பிடியுங்கள். இல்லை, ழகரம் இருக்கும் பெயர்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். டாட் காம் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் நூறு வெள்ளிக்குள்தான் இருக்கும்.

பல இனத்தார் வாழும் நாடு இது. நம் பெயர் மற்றவர் மொழியில் எப்படி ஒலிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 'மதி' நமக்கு நிலவு, அறிவு. ஆங்கில எழுத்தில் எச் ஒன்று விடுபட்டால் மலாய்க்காரருக்கு அது 'மாத்தி', அதாவது மரணம். திருமண அலங்காரம் செய்கிறவருக்கு இது நல்ல சகுனமா? 'பூ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெயரை உறுதி செய்வதற்கு முன் ஒரு மலாய் நண்பரிடமும் ஒரு சீன நண்பரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் முகமே பதில் சொல்லிவிடும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியாதா என்று சிலர் கேட்பீர்கள். முடியும். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளுக்கும் நாட்டின் பெயரே தமிழ் எழுத்தில் முடியும் முகவரிகள் உண்டு. 'டாட் சிங்கப்பூர்' 2011-இல் இணையத்தில் சேர்ந்தது. பெருமைக்குரிய செய்திதான். ஆனாலும் தமிழ் விசைப்பலகை இல்லாத வாடிக்கையாளரையும் நினைத்து, அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்வதே நல்லது.

வளர இடம் விடுங்கள்

இன்று அழைப்பிதழ் மட்டும் செய்கிறோம். நாளை மணமேடை அலங்காரம், பரிசுப் பெட்டி, ஓவிய வகுப்பு என்று கிளை விடலாம். முகவரியிலேயே ஊரையும் பொருளையும் சேர்த்துக் கட்டிப் போட்டால், வளரும்போது சட்டை பிடிக்கும். அமேசான் புத்தகம் விற்றுத்தான் தொடங்கியது. பெயரில் புத்தகம் இல்லாததால் பிறகு எதையும் விற்க முடிந்தது. ஓவியர், புகைப்படக்காரர், பாடகர் போன்றோருக்கு மக்கள் தேடுவது அவர்களைத்தான். அவர்களுக்குச் சொந்தப் பெயரே நல்ல முகவரி.

அடுத்தவர் புகழில் குளிர்காய வேண்டாம். கனடாவில் மைக் ரோ என்ற மாணவர் அகப்பக்கம் வடிவமைக்கும் தம் சிறுதொழிலுக்கு, தம் பெயரோடு 'சாஃப்ட்' என்று சேர்த்து 2003-இல் முகவரி பதிந்தார். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மைக்ரோசாஃப்ட் என்றே கேட்கும். அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பினார்கள். 2004-இல் சமரசம் ஆகி, அவர் பெயரை விட்டுக்கொடுத்தார். சொந்தப் பெயரை வைத்தவருக்கே அந்த நிலை என்றால், புகழ்பெற்ற படத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எடுத்துக்கொள்ளும் நாம் எம்மாத்திரம்? எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்திலும், மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திலும் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

டாட் காமா, டாட் காம் டாட் மையா என்று கேட்பார்கள். பிந்தியதற்கு மலேசியாவில் பதிவு பெற்ற தொழில் இருக்க வேண்டும். அதனாலேயே உள்ளூர் வாடிக்கையாளருக்கு அதில் ஒரு நம்பிக்கை உண்டு. வசதி இருந்தால் இரண்டையும் பதியுங்கள்.

வாடகை வீடு போதுமா?

"முகநூலும் இன்ஸ்டாகிராமும் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அவை வாடகை வீடுகள். கணக்கு முடக்கப்பட்டாலோ திருடு போனாலோ முகவரியும் கூடவே போய்விடும். சொந்த முகவரி இருந்தால் அதை எந்த வீட்டுக்கும் திருப்பலாம். அகப்பக்கம் கட்டப் பணம் இல்லையென்றால், இப்போதைக்கு உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திற்கே திருப்பி வையுங்கள். அட்டையில் அச்சிட்ட முகவரி மாறாது.

சாவி யார் கையில்?

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். முகவரிப் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. தவணை கட்டித்தான் வைத்திருக்க முடியும். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகம் போனால் பத்து ஆண்டுக்குப் பதியலாம். தவணை தவறிப் பெயர் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் தருவார்கள். அதன்பின் ஐந்து நாளில் அது சந்தைக்கு வந்துவிடும். பழைய முகவரிகளுக்கு ஏற்கெனவே வருகையாளர் இருப்பதால், அவற்றுக்காகவே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மறதி பெரியவர்களையும் விடுவதில்லை. 1999-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் முகவரி ஒன்றைப் புதுப்பிக்க மறந்து, கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹாட்மெயில் பயனீட்டாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். அந்நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர் 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். நமக்காக அப்படிக் கட்ட யார் வருவார்?

ஆகவே சில காரியங்களை இன்றே செய்யுங்கள். பதிவு நிறுவனத்தில் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே முகவரியைச் சார்ந்ததாக இருக்கக்கூடாது. முகவரி நின்றால் மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கை வந்து சேராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள், கூடவே கடன் அட்டை காலாவதியாகும் தேதியையும் கவனியுங்கள். அகப்பக்கம் செய்து தருகிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், "பதிவு யார் பெயரில்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வீடு கட்டிய கொத்தனார் பெயரிலா பட்டா எழுதுகிறோம்? ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றித் தரக் கேளுங்கள்.

நாங்கள் இழந்த பெயர் இன்றுவரை திரும்பவில்லை. புதிய பெயர் ஒன்றைப் பதிந்தோம். அதில் ழகரம் இல்லை, கோடு இல்லை. அந்தப் பெண்ணின் ஆல்பத்தில் மட்டும் பழைய முகவரி அப்படியே இருக்கிறது, அதை எங்களால் அழிக்க முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நாள்காட்டி வந்ததும், பிள்ளைகளின் பிறந்தநாளோடு புதுப்பிக்கும் தேதியையும் அக்கா சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறார். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தேதி என்ன என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், சாவி வேறு யார் கையிலோ இருக்கிறது என்று பொருள்.