பருத்திப் பண்ணைகளில் ஒரு சுகாதாரப் பணி

தன்னார்வத் தொண்டு பற்றிப் பேசும்போது எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது, எத்தனை முகாம்கள் நடத்தப்பட்டன என்று கணக்குக் கேட்பது அலுவலகங்களின் வழக்கம். அக்கணக்கு தேவையானதே. ஆனால் பயனாளி தம் விருப்பப்படி முகாமுக்கு வரக்கூடியவரா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இடம் பெறுவதில்லை. அக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒரு மகளிர் அமைப்பின் அனுபவத்தை, மாணவர்களும் அலுவலர்களும் கூடியுள்ள இந்த அவையில் எடுத்துரைப்பது பொருத்தமாகும்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், 1908-ஆம் ஆண்டு கறுப்பின மாணவியர் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். படிப்பு முடிந்த பின்னரும் உறுப்பினர்கள் இச்சங்கத்தை விட்டு விலகுவதில்லை. ஆகவே ஆசிரியைகள், தாதியர், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் எனப் பயிற்சி பெற்ற பெண்கள் பலர் இதில் இருந்தனர். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் இதன் தலைவியாக விளங்கியவர் ஐடா ஜாக்சன். கலிபோர்னியாவில் ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தில். அம்மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டத்தில் 1934 கோடையில் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்றைச் சங்கம் நடத்தியது. பசியும் நோயும் தீராமல் கல்வி பயன் தராது என்பது அந்த ஒரு கோடையிலேயே தெளிவாகிவிட்டது. அடுத்த ஆண்டே திட்டம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. வாஷிங்டனில் மருத்துவத் தொழில் புரிந்துவந்த டாக்டர் டாரதி ஃபெரிபீ அதன் பொறுப்பை ஏற்றார்.

தென் மாநிலங்களில் அப்போது கறுப்பினத்தவருக்கு ரயிலில் தனிப்பெட்டி; வழியில் உள்ள விடுதிகளிலோ பெரும்பாலும் இடமே இல்லை. ஆகவே அப்பெண்கள் தங்கள் சொந்தக் கார்களிலேயே புறப்பட்டனர். மருந்துகளும் கருவிகளும் அதே கார்களில் சென்றன. குறிப்பிட்ட சில இடங்களில் மருத்துவ நிலையங்களை அமைத்தால் மக்கள் தாமாகவே வந்து சேருவர் என்பதே முதல் திட்டம். மக்கள் வரவில்லை. பண்ணை முதலாளிகள் அவர்களை அனுப்ப மறுத்துவிட்டனர்.

இம்மறுப்பின் காரணத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். அங்கு நிலத்தை உழுதவர்கள் பெரும்பாலும் வாரக் குடியானவர்கள். நிலமும் குடிசையும் முதலாளியுடையவை. விதையும் உணவுப் பொருளும் பண்ணைக் கடையிலேயே கடனாகக் கிடைக்கும். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பவரும் முதலாளியே. பல குடும்பங்களுக்கு ஆண்டு முடிவில் எஞ்சியது கடன் மட்டும்தான். குடிசை வாசல் வரை பருத்தியே பயிரிடப்பட்டதால் காய்கறித் தோட்டம் போட இடமில்லை. சோளமாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு இவையே அன்றாட உணவு. பெல்லாக்ரா என்ற கொடிய நோய் உணவுக் குறையினால் வருவது என்பதை 1915-இலேயே டாக்டர் கோல்ட்பெர்கர் இதே மாநிலத்துச் சிறைப் பண்ணை ஒன்றில் நடத்திய சோதனையால் நிறுவிக் காட்டியிருந்தார். நோயின் காரணம் தெரிந்திருந்தும் சாகுபடி முறை மாறவில்லை. பக்கத்து மாநிலமான அர்க்கான்சாவில் 1934-இல் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் ஒன்றை அமைத்திருந்தனர். அந்நிலையில் வெளியூரிலிருந்து வந்த படித்த கறுப்பினப் பெண்களை முதலாளிகள் ஐயத்துடன் பார்த்ததில் வியப்பில்லை.

திட்டம் மாற்றப்பட்டது. மக்கள் வர இயலாவிடில் மருத்துவமே அவர்களிடம் செல்லட்டும் என முடிவு செய்து, தாங்கள் வந்த கார்களையே நடமாடும் மருத்துவ நிலையங்களாக்கினர். பண்ணைகளுக்குள் நுழைய அனுமதி கேட்டுப் பெற்றனர். குதிரை மீதமர்ந்த பண்ணைக் காவலர்கள் கண்காணித்துக்கொண்டிருக்க, மர நிழலில் குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பும் டிப்தீரியா தடுப்பூசியும் போடப்பட்டன. மலேரியாவுக்கும் மேகநோய்க்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. பல் மருத்துவமும் உண்டு. எவரும் ஊதியம் பெறவில்லை.

அனுமதிக்கு ஒரு விலை இருந்தது. உடலைப் பற்றிப் பேசலாம். கூலியைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசலாகாது. இதனைக் கோழைத்தனம் என்று குறை கூறுவது எளிது. ஆனால் பேசியிருந்தால் அடுத்த நாள் பண்ணைக் கதவு மூடப்பட்டிருக்கும். ஊசி போட வேண்டிய குழந்தை உள்ளேயே இருந்திருக்கும். சத்துணவு பற்றிய விளக்கங்களையும் அவர்கள் நடத்தினர். காய்கறி பயிரிட ஒரு முழ நிலமும் இல்லாத தாய்க்குச் சத்துணவு விளக்கம் எந்த அளவு உதவியிருக்கும் என்பது வேறு கேள்வி. ஊசியால் தடுக்கக்கூடியதை அவர்கள் தடுத்தனர். நிலவுடைமையிலிருந்து பிறந்த நோய் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

சங்கத்தினர் இதனை உணராதவர்களும் அல்லர். 1938-இல் நார்மா பாய்டு என்ற உறுப்பினரின் முயற்சியால், குடியுரிமை, வேலைவாய்ப்பு முதலியவை குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எடுத்துரைக்க வாஷிங்டனில் நிலையான அமைப்பு ஒன்றை நிறுவினர். பண்ணையில் பேச முடியாததைத் தலைநகரில் பேச வழி பிறந்தது.

சுகாதாரப் பணி 1935 முதல் 1942 வரை 8 கோடைகளில், ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை நடைபெற்றது. பின்னர் பொலிவர் மாவட்டத்திற்கும் சென்ற இப்பணியால் 10,000-க்கும் மேற்பட்டோர் பயனடைந்தனர். அது நின்ற காரணம் விந்தையானது. ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அற்றது. டயருக்கும் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. கார் ஓடாமல் மருத்துவமும் ஓடவில்லை. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் நோயுற்றவர் எங்கே செல்வது என்பதற்குக் கோடைப் பணியில் என்றுமே விடை இருந்ததில்லை.

1965-இல் இதே சங்கம் மத்திய அரசின் நிதியுடன் கிளீவ்லாந்து நகரில் இளம் பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது. மிசிசிப்பியிலோ, பொலிவர் மாவட்டத்தின் மவுண்ட் பாயூ என்ற கறுப்பின ஊரில் 1967-இல் அரசு நிதியில் நிரந்தரச் சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகளுக்கு அங்கு மருத்துவர்கள் உணவையே மருந்தாக எழுதித் தந்தனர். மளிகைக் கடைகள் பாலும் இறைச்சியும் காய்கறியும் கொடுத்தன. செலவு நிலையத்தின் மருந்துக் கணக்கில் சேர்ந்தது. வேலை இழந்திருந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் பின்னர் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்து, தங்களுக்கு வேண்டிய காய்கறிகளைத் தாங்களே பயிரிட்டன.