பழைய மென்பொருளும் புதிய பதிப்பும்

"மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016 என் கணிப்பொறியில் செவ்வனே இயங்குகிறது, புதியதை வாங்கத்தான் வேண்டுமா?" என்று மாணவர் பலர் என்னை வினவுவதுண்டு. புதுமை என்பதற்காகவே பொருளைச் செலவிடுதல் வேண்டா என்பதே என் கருத்து. கட்டுரை எழுதவும் அட்டவணை அமைக்கவும் பழையதே போதும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த கோப்பு வடிவத்தையே இன்றைய பதிப்புகளும் கையாளுகின்றன; ஆதலின் பழையதில் எழுதியது புதியதில் திறவாது என்ற அச்சமும் வேண்டா.

ஆயினும், வேறொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் நிறுவனத்தின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. இனிக் காணப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வருமென்று நம்பியிருத்தல் இயலாது. பிறர் அனுப்பும் கோப்புகளை நாள்தோறும் திறக்கும் மாணவருக்கு இது சிறு செய்தி அன்று. தீய கோப்பு ஒன்று, ஆண்டு முழுவதும் உழைத்து எழுதிய ஆய்வேட்டையே அழித்துவிடக்கூடும்.

அங்ஙனமாயின் பணம் கொடுத்தே தீரவேண்டுமா? வேண்டுவதில்லை. கல்லூரி வழியே உரிமம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லையேல், 2010இல் தொடங்கப்பெற்ற லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் பக்க அமைப்புச் சிறிது மாறக்கூடும். சரிபார்த்த பின்னரே ஆசிரியரிடம் அளியுங்கள். எதை ஏற்பினும், கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வு நாட்களில் அன்றி விடுமுறையில் மாற்றுங்கள்.