மின்வெட்டு அட்டவணையும் ஐந்து வக்துகளும்

 

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஹெந்தளையில் எமது வீதிச் சிறுவர்கள்கூடத் தமது பகுதிக்குரிய ஆங்கில எழுத்து எதுவென்று அறிந்திருந்தார்கள். தாய்மார் மின்சாரம் போகுமுன்னரே அரைக்க வேண்டியதை அரைத்து, சீருடைகளை அயன் செய்து, தாங்கியில் நீர் நிரப்பி முடித்தார்கள். மே மாதம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பிள்ளைகள் வெளிச்சமுள்ள மணித்தியாலங்களை எண்ணிப் படித்தார்கள். பட்ட கஷ்டத்தை நான் அழகுபடுத்திக் கூறவில்லை. ஆயினும் எப்போது முடியும் என்று தெரிந்த நேரத்தை அன்று எவரும் வீணாக்கவில்லை. மின்சாரம் முழுநாளும் வரத் தொடங்கிய பின்னரே நமக்கு நேரம் போதாமற் போயிற்று!

சுவரில் அப்படியோர் அட்டவணை ஒட்டப்படாமலேயே நம்மிடம் இருக்கின்றது. ஐந்து வக்துத் தொழுகைகளைத்தான் கூறுகின்றேன். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்தட்டுப்பாடு காரணமாக நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில் திருத்தப்பட்டது. அப்போது அரபுக் கல்லூரி மாணவனாக இருந்த எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது: பள்ளிவாசல் சுவரில் இலக்கங்கள் மாறின, சூரியன் தன் வழியிலேயே உதித்து மறைந்தது.

இலண்டனில் வாழும் நம் உறவினருக்கு மஃரிப் குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பும், கோடையில் இரவு ஒன்பது மணிக்குப் பின்பும் வருகின்றது. கொழும்பிலோ வருடம் முழுவதும் முக்கால் மணித்தியாலத்துக்குள்ளேயே அது மாறுபடுகின்றது. ஒரு குடும்பம் தன் நாளைக் கட்டியெழுப்ப இதைவிட உறுதியான தூண் வேறென்ன வேண்டும்?

முதலில் மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்து, ஒரு தொழுகையிலிருந்து மறு தொழுகை வரை என்ன செய்தீர்கள் என்று உண்மையை மட்டும் எழுதுங்கள். பிறருக்குக் காட்ட வேண்டியதில்லை. பின்னர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரேயொரு வேலையைக் கட்டாயமாக்குங்கள். பத்து வேலைகளை எழுதுபவர் மூன்றாம் நாளில் தாளைக் கிழித்துவிடுவார். கடினமான பாடத்தை ஸுபஹுக்குப் பின் வையுங்கள். ஹெந்தளைச் சந்தியிலிருந்து நீர்கொழும்பு வீதிக்கு ஏறி, வத்தளை, பேலியகொடை கடந்து களனிப் பாலத்தை அடைவதற்குள் எவ்வளவு நேரம் கழிகிறதென்று உங்களுக்கே தெரியும். இருபது நிமிடம் முந்திப் புறப்படுபவருக்கு அவ்வழியில் பெரும்பாலும் இருபதுக்கும் அதிகமான நிமிடங்கள் மிஞ்சுகின்றன.

பெற்றோர்களே, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தையும் டியூஷன் வகுப்புகளால் நிரப்பிவிடாதீர்கள். பிள்ளை ஓடி விளையாடட்டும். விளையாடாத பிள்ளை புத்தகத்தின் முன் அமர்ந்தபடியே விளையாடும்.

கைத்தொலைபேசியைப் பற்றி இளைஞர்களை மாத்திரம் கண்டிக்க எனக்குத் தகுதியில்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு, என் மகள் தான் மனனமிட்ட சிறிய ஸூராவை ஓதிக்காட்ட வந்தாள். "கொஞ்சம் பொறு மகள்" என்றேன். ஒருவர் அனுப்பிய காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின் இன்னொன்று. தலை நிமிர்ந்தபோது அவள் குர்ஆனை மேசையில் வைத்துவிட்டு உறங்கியிருந்தாள். மறுநாள் நானே கேட்டேன். "நேற்றுத்தான் பாடமாக இருந்தது வாப்பா" என்றாள். நேரத்தைப் பற்றி மிம்பரில் பலமுறை பேசியவன் நான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே "பிறகு" என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் கூறாதீர்கள். "இஷாவுக்குப் பின்" என்று கூறுங்கள், கூறியபடி வாருங்கள். மஃரிபிலிருந்து இஷா வரை சுமார் ஒன்றேகால் மணித்தியாலம். அந்நேரம் வீட்டிலுள்ள அனைவரின் தொலைபேசிகளும், வாப்பாவுடையது உட்பட, ஓர் இழுப்பறையில் இருக்கட்டும். அவசர அழைப்பானால் ஒலி கேட்கும்.

2022இல் எங்கள் சமையலறையில் ஒட்டிய மின்வெட்டு அட்டவணையை உம்மா இன்னும் எறியவில்லை. அதன் பின்புறத்தில்தான் இப்போது நமது ஐந்து கட்டங்களும் வரையப்பட்டுள்ளன. நான்காவது கட்டத்தில் மகள் தன் பெயரைத் தானே எழுதிவைத்திருக்கிறாள்.