கானான் நாட்டில் ஒரு பரதேசி

(பொன்விழா முந்நாள் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)



விசுவாசத்தின் தந்தை ஆபிரகாம் என்றவுடனே நம் எல்லாருடைய மனமும் மோரியா மலைக்குத்தான் ஏறும். விறகுக்கட்டைச் சுமந்து செல்லும் மகன், கையில் நெருப்பும் கத்தியுமாய்த் தகப்பன், புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா - ஞானோபதேச வகுப்பில் படம் பார்த்த நாள் முதல் நாம் மறவாத காட்சி அது. அந்தச் சோதனை மூன்று நாள் பயணத்தோடு முடிந்தது. இன்று மாலை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டதோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வேறொரு சோதனை. அதில் மலையும் இல்லை, கத்தியைத் தடுக்கும் வானதூதரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பிரசங்கங்களில் நாம் அதை அதிகம் கேட்பதில்லை.

காரான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. கானான் நாட்டில் நுழைந்து சிக்கேம் வரை வந்தார். இந்த நாட்டை உன் சந்ததிக்குக் கொடுப்பேன் என்று ஆண்டவர் வாக்களித்தது அங்கேதான். அதற்கு முந்தின வரியிலே ஆதியாகமம் ஒரு சின்னச் செய்தியைச் சொல்லிவைக்கிறது: அப்போது அந்நாட்டில் கானானியர் குடியிருந்தார்கள். ஆண்டவர் தருவதாகச் சொன்னது காலி மனையல்ல, ஆள் குடியிருக்கும் வீடு! அங்கே மதில் சூழ்ந்த நகரங்கள் இருந்தன, அரசர்கள் இருந்தார்கள், அவரவர்க்குத் தெய்வங்களும் இருந்தன. நடுவிலே வாக்குறுதியைத் தவிர வேறு பத்திரம் எதுவுமில்லாத ஒரு மனிதர். அவர் செய்ததெல்லாம் ஆண்டவருக்கு ஒரு பீடம் எழுப்பியதுதான். பிறகு கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே போனார். அங்கேயும் ஒரு பீடம். பின்னர் ஹெப்ரோன் அருகே மம்ரேயில், அங்கேயும் அப்படியே. போன இடமெல்லாம் பீடம் நின்றது, கூடாரம் நகர்ந்தது.

இந்தக் கானானியரைக் கெட்டவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் நடுவிலே மம்ரே, எஸ்கோல், ஆனேர் என்ற எமோரியச் சகோதரர் மூவர் ஆபிரகாமோடு நட்புடன்படிக்கை செய்திருந்தார்கள். லோத்து சிறைபிடிக்கப்பட்டபோது ஆபிரகாம் தம் வீட்டு ஆட்கள் 318 பேரைக் கூட்டிக்கொண்டு மீட்கப் போனார். இந்த மூவரும் துணைநின்றார்கள். வெற்றியோடு திரும்பியவரை அப்பமும் இரசமும் கொண்டுவந்து ஆசீர்வதித்தவர் சாலேமின் அரசரும் குருவுமான மெல்கிசெதேக். அவரும் ஆபிரகாமின் குலத்தார் அல்லர். அன்று சோதோம் அரசன் கொடுக்க வந்த பொருளில் ஒரு நூலோ செருப்பு வாரோகூட வேண்டாம் என்றார் ஆபிரகாம். நான்தான் இவனைச் செல்வனாக்கினேன் என்று அவன் பிற்பாடு சொல்லிக்கொள்ள இடந்தரக் கூடாதே! ஆனால் என் நண்பர் மூவருக்கும் சேரவேண்டிய பாகத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். தம்முடைய நோன்பை அடுத்தவர் தலையில் அவர் சுமத்தவில்லை. இது நமக்கெல்லாம் எளிதாக வருகிற புண்ணியமா என்ன?

ஆனால் அதே ஆபிரகாம் தடுமாறியதையும் வேதம் மறைக்கவில்லை. நாட்டுக்குள் கால்வைத்த கொஞ்ச நாளில் பஞ்சம் வந்தது. எகிப்துக்குப் போனார், உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்றார். ஆண்டுகள் பல கழித்துக் கெராரிலும் அதையே செய்தார். ஏன் இப்படிச் செய்தீர் என்று கெரார் அரசன் அபிமெலேக்கு கேட்டபோது, இவ்விடத்தில் தெய்வபயம் இராது என்று எண்ணினேன் என்பதே அவர் பதில். உண்மையில் அன்று தெய்வபயத்தோடு நடந்துகொண்டவன் யார்? கனவிலே ஆண்டவரின் எச்சரிப்பைக் கேட்டு விடியற்காலையில் எழுந்து, சாராளைத் திருப்பி அனுப்பிய அந்தப் புறவினத்து அரசன்தான். அக்கம்பக்கத்தாரைக் குறித்து நாமாக முடிவுகட்டிக்கொண்டு, அந்த முடிவுக்குப் பயந்தே பொய் பேசுகிறோம் அல்லவா? ஆபிரகாமும் அப்படி விழுந்தவர்தான். விழுந்தபின் எழுந்து, அபிமெலேக்குக்காக மன்றாடினார்.

இனி ஹெப்ரோனுக்கு வருவோம்.

சாராள் தமது 127-ஆம் வயதில் இறந்தார். ஆபிரகாமுக்கு அப்போது 137. காரானைவிட்டு வந்து 62 ஆண்டுகள். நாடு முழுவதும் உனக்கே என்ற வாக்குறுதியை எத்தனையோ முறை கேட்டாயிற்று. இப்போது மனைவியின் சடலம் முன்னால் கிடக்கிறது. அதை வைக்க அந்த நாட்டில் ஆறடி மண் அவருக்குச் சொந்தமாக இல்லை! அழுது முடித்து எழுந்தவர், அவ்வூர் மக்களாகிய இத்தியரிடம் போய் நின்றார். நான் உங்கள் நடுவில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன், கல்லறைக்கு ஓர் இடம் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு முறை அவர்கள் முன் தலைவணங்கினார். ஆண்டவர் எனக்குத் தந்த நாடு இது, நீங்கள் யார் என்று அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை.

இத்தியரும் பெருந்தன்மையாகப் பேசினார்கள். எங்கள் கல்லறைகளில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும், எங்களில் எவனும் மறுக்கமாட்டான் என்றார்கள். வந்தேறிக்குத் தங்கள் கல்லறையையே திறந்துவிட்ட இந்தப் புறவினத்தாரை நினைக்கும்போது, ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கிடையே கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச்சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடையே உண்டென்பதும் நினைவுக்கு வந்து நம்மை வெட்கப்படுத்துகிறது.

ஆபிரகாம் அந்த உபகாரத்தை ஏற்கவில்லை. எப்ரோன் என்பவனுக்குச் சொந்தமான மக்பேலா குகையை விலைக்குக் கேட்டார். (ஊர் ஹெப்ரோன், ஆள் எப்ரோன், குழப்பம் வேண்டாம்.) அவனோ, சும்மாவே எடுத்துக்கொள்ளும் என்றான். வற்புறுத்தியபோது, 400 சீக்கேல் பெறுமதியுள்ள நிலம், உமக்கும் எனக்கும் நடுவே அதென்ன பெரிது என்றான். வியாபாரம் தெரிந்த ஆள்! காசு அச்சடிக்காத காலம்; வெள்ளியை எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். சீக்கேல் ஏறக்குறைய 11 கிராம் என்றால், 400 சீக்கேல் நாலு கிலோவுக்கு மேல் வெள்ளி. காலம் வேறானாலும் ஒப்பிட்டுப் பாருங்கள்: பிற்காலத்தில் தாவீது அரசர் போரடிக்கும் களத்தையும் காளைகளையும் சேர்த்து 50 சீக்கேலுக்கு வாங்கினார், எரேமியா தீர்க்கதரிசி அனத்தோத்தில் ஒரு வயலை 17 சீக்கேலுக்கு வாங்கினார். சோதோம் நகருக்காக ஆண்டவரிடமே ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை பேரம் பேசி இறக்கியவர் ஆபிரகாம். இங்கே தமக்காக ஒரு சீக்கேல்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. நகர வாசலில் எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடுத்தார். வயல், குகை, நான்கு எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று நம்மூர்க் கிரயப் பத்திரம் போலவே ஆதியாகமம் அதை எழுதிவைத்திருக்கிறது.

வாக்களித்த நாட்டில் அவர் விலைகொடுத்து வாங்கிய நிலம் இந்தக் கல்லறை நிலம்தான். ஓரடி நிலமும் ஆண்டவர் அவருக்கு அங்கே சொத்தாகத் தரவில்லை என்று புனித முடியப்பர் தமது கடைசிப் பிரசங்கத்தில் சொல்கிறார். இறந்தவளை அந்நாட்டிலேயே அடக்கம் செய்ய இத்தனை வெள்ளி கொடுத்தவர், ஆண்டவர் வாக்குத் தவறமாட்டார் என்று நம்பியவராகத்தான் இருக்க முடியும். திரும்பிப்போக நினைப்பவன் கல்லறைக்கு நிலம் வாங்குவானா?

பொன்விழாக் கொண்டாடும் நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஐம்பதாம் ஆண்டை யூபிலியாகக் கொண்டாடவேண்டும் என்று கற்பிப்பது லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம். அந்த ஆண்டில் விற்ற நிலம் பழைய உடையவனிடம் திரும்ப வேண்டும். காரணம்: நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் அந்நியரும் பரதேசிகளும்தான் என்கிறார் ஆண்டவர். ஹெப்ரோனில் ஆபிரகாம் தம்மைச் சொல்லிக்கொண்ட அதே எபிரேயச் சொற்கள்! நாடு கைக்கு வந்தபிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. கிரேக்கத்தில் வேதத்தைப் பெயர்த்த யூத அறிஞர்கள் இரண்டு இடத்திலும் 'பரோய்க்கோஸ்' என்ற சொல்லை வைத்தார்கள்; அயலூரில் தங்கி வாழ்பவன் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'பரோய்க்கியா' என்ற சொல்லே லத்தீன் வழியாக மேல்நாட்டு மொழிகளில் கோயில் பங்கைக் குறிக்கும் பெயராயிற்று. தமிழில் நாம் 'பங்கு' என்கிறோம். பங்கு என்றாலே உரிமை, பாகம். கிரேக்கச் சொல்லோ பங்கில்லாதவனைக் குறிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஆபிரகாமிடம்தான் கற்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் இக்கோயிலுக்குக் கடைக்கால் வெட்டியவர்களில் பலர் இன்று பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இடம் யாருடையது என்று அவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஆபிரகாம் 175 வயது வாழ்ந்தார். கானானில் சரியாக நூறு ஆண்டுகள். மக்பேலாவிலே பிற்பாடு ஈசாக்கு, ரெபேக்காள், லேயாள், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட யாக்கோபு எல்லாரும் அடக்கமானார்கள். அவ்விடத்தைச் சுற்றி ஏரோது அரசன் எழுப்பிய கல்மதில் இன்றும் நிற்கிறது. யூதரும் முஸ்லிம்களும் அங்கே தொழுகிறார்கள். ஆனால் ஆபிரகாமின் அடக்கம் நடந்த அன்று மதில் ஏதும் இல்லை. குகையும் வயலும் மரங்களும்தான். தண்ணீர்த் துருத்தியும் அப்பமும் கொடுத்துத் தாயோடு பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டானே இஸ்மாயேல், அவன் வந்திருந்தான். ஈசாக்கும் அவனும் சேர்ந்து தகப்பனை அந்தக் குகைக்குள், சாராளின் பக்கத்தில் கிடத்தினார்கள்.