நிழலின் பரப்பும் வேரின் மண்ணும்



நகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட வெப்பம் மிகுந்தது என்பது புதிய கண்டுபிடிப்பன்று. மேகங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லூக் ஹோவர்டு, லண்டன் நகரினுள்ளும் அதன் புறத்தேயும் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஒப்பிட்டு, இரவில் நகரே வெப்பமாயிருப்பதை 1818-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் பதிவு செய்தார். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கல்லும் கான்கிரீட்டும் தாரும் இரவில் அவ்வெப்பத்தை மெல்ல உமிழ்வதால் பெரிதும் உண்டாகும் இந்நிலையே நகர வெப்பத்தீவு எனப்படுகிறது.

மரம் இவ்வெப்பத்தை இரு வழிகளில் தணிக்கிறது. ஒன்று, தரைக்கும் சுவருக்கும் வெயில் சேராமல் தடுக்கும் நிழல். மற்றொன்று நீராவிப்போக்கு, அதாவது வேர் உறிஞ்சிய நீர் இலைத்துளைகளின் வழியே ஆவியாதல். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். 1 கிலோவாட் மின்னடுப்பு 40 நிமிடம் எரிந்து தரும் வெப்பத்துக்கு ஈடான இவ்வாற்றல் இலையிலிருந்தும் சூழ்ந்த காற்றிலிருந்தும் எடுக்கப்படுவதால் அவ்விடம் குளிர்கிறது.

எனினும் சென்னை போன்ற கடலோர நகரத்தில் இவ்விரண்டும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கையில் உடலின் வியர்வையே உலர மறுப்பதைப்போல, இலையின் ஆவியாதல் தரும் குளிர்ச்சியும் குறைகிறது; ஆகவே அங்கு நிழலே முதன்மை பெறுகிறது. மனிதர் உணரும் வெம்மை காற்றின் வெப்பநிலையை மட்டுமன்றி, வெயிலிலிருந்தும் சுடும் தரையிலிருந்தும் உடல்மீது விழும் கதிர்வீச்சையும் சார்ந்தது. கத்திரி வெயிலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பவரையும் பத்தடி தள்ளி வெட்டவெளியில் நிற்பவரையும் சூழ்ந்த காற்றின் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு இராது. உடல்கள் ஏற்கும் வெப்பமோ முற்றிலும் வேறு. காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்து மரத்தின் பயன் சிறிதென முடிவு கட்டும் ஆய்வுகள் மரத்துக்கு நீதி செய்வதில்லை.

அச்சிறிய வெப்பநிலை வேறுபாடும் உயிர்காக்க வல்லது என்பதற்கு, 93 ஐரோப்பிய நகரங்களை ஆராய்ந்து 2023-இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை சான்று. 2015 கோடையில் வெப்பத்தீவு விளைவால் அந்நகரங்களில் ஏறத்தாழ 6,700 அகால மரணங்கள் நேர்ந்தன என்றும், மரக்கவிகை, அதாவது மேலிருந்து நோக்கும்போது இலைத்தொகுதி மூடியிருக்கும் பரப்பு, 30 விழுக்காடாக இருந்திருப்பின் அவற்றுள் 2,644 மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது மதிப்பிட்டது. அந்த அளவு கவிகை தரும் குளிர்ச்சி சராசரியாக 0.4 பாகை செல்சியசே.

கவிகை வேண்டுமெனின் மண் வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அடிமரம்வரை கான்கிரீட் பூசப்பட்ட தெருக்களில் வேர் பரவ இடமின்றி மரங்கள் நின்றிருந்த அவலம் வெளிப்பட்டது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியதும் இதே பொருளின் மறுபக்கம்: மண்ணில் ஈரம் அற்றால் மரம் தன்னைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், வெப்பம் மிகக் கொடிதாகும் நாளிலேயே நீராவிப்போக்கின் குளிரூட்டல் நின்றுபோகும். மழைநீரை வடிகாலில் தள்ளிவிட்டு மரக்கன்று நடுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே ஆண்டறிக்கைகளில் சாதனையாகப் பதிவாகும் வழக்கத்தை, நகர மரங்களும் வெப்பத் தணிப்பும் குறித்து ஆராயக் கூடியுள்ள இம்மாநாடு கேள்விக்கு உட்படுத்த வேண்டும். பத்தாண்டு கழித்து எத்தனை மரங்கள் எஞ்சின, உச்சிவேளையில் பேருந்து நிறுத்தத்திலும் தள்ளுவண்டிக் கடையிலும் பள்ளி வாயிலிலும் எத்தனை சதுர மீட்டர் நிழல் விழுகிறது, மரமற்ற தெருக்களில் வாழ்வோர் யாவர் என்பவற்றை அளக்கும் முறைகளைப் புங்கை, வேம்பு, பூவரசு என ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே வகுத்துத் தருமாறு இங்குக் கூடியுள்ள ஆய்வாளர்களை இத்தலைமையுரை வேண்டுகிறது.